டெவில் மே கிரை 5 புதியவருக்குச் சரிப்படுமா?

வணக்கம் நண்பர்களே. செந்தூலில் இருக்கிறேன். கைப்பேசி விளையாட்டுகளைத் தாண்டிப் பழக்கமில்லாத என்னிடம் அண்ணன் மகன் தன் பிளேஸ்டேஷன் 4-ஐக் கொடுத்துவிட்டு ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். லோ யாட் பிளாசாவில் டெவில் மே கிரை 5-இன் பழைய வட்டைத் தேடி வாங்கலாம் என்றிருக்கிறேன். அதற்கு முன் உங்கள் கருத்து தேவை.

2019-இல் காப்காம் வெளியிட்ட இந்த விளையாட்டில் சண்டைதான் எல்லாமே. எதிரியை வீழ்த்தினால் மட்டும் போதாதாம். எவ்வளவு அழகாக, அடித்த அடியையே திரும்ப அடிக்காமல் வீழ்த்துகிறோம் என்று டி (மிகக் குறைவு) முதல் எஸ்எஸ்எஸ் (மிக உயர்வு) வரை தரம் போடுகிறார்கள். பள்ளியில் வாங்கியது போதாதா!

என்னைத் தயங்க வைப்பது, இதில் நாம் இயக்கும் நாயகர்களில் ஒருவனான டான்டேதான். மற்ற நாயகர்களில் நீரோவுக்கு வாள், துப்பாக்கி, இயந்திரக் கை. வீ தன் மிருகங்களை ஏவிவிட்டுச் சண்டை போடுகிறான். டான்டேவுக்கோ நான்கு சண்டை முறைகள், அவற்றைச் சண்டைக்கு நடுவிலேயே மாற்ற வேண்டும். என் விரல்கள் அதற்கு ஈடுகொடுக்குமா? ஒரே பொத்தானை அழுத்தினால் அடிகளைத் தானே கோத்துத் தரும் தானியங்கி உதவி இருக்கிறது. அதை வைத்தே தொடங்கினால் பிறகு சொந்தமாக விளையாட வருமா, அல்லது அதற்கே பழகிவிடுவேனா?

தொடரின் முதல் விளையாட்டு 2001-இல் வந்தது. முந்தைய கதை தெரியாமல் இதில் நுழைந்தால் புரியுமா?

செகிரோ என்ற வாள்சண்டை விளையாட்டைப் பரிந்துரைக்க வேண்டாம், தயவுசெய்து. அதில் கடினத்தைக் குறைக்கவே வழியில்லை.