கோட்டோரில் ஆறு மணி நேரம்: மேலே ஏறுவதா, கீழே சுற்றுவதா?

தெற்கத்திக்காரன்:
செப்டம்பரில் அட்ரியாட்டிக் கப்பல் பயணம் போகிறோம். குரோஷியாவின் டுப்ரோவ்னிக் முடிந்து மறுநாள் மாண்டினீக்ரோவின் கோட்டோர். காலை 8 மணிக்கு இறங்கலாம், 2 மணிக்கெல்லாம் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். நான், மனைவி, 68 வயது அப்பா. கப்பலில் விற்கிற டூரை வாங்குவதா, நாமே சுற்றுவதா? எல்லோரும் சொல்கிற அந்த மலைக்கோட்டைக்கு ஏறித்தான் ஆகணுமா?

படிக்கட்டுப்பாண்டி:
டூருக்குக் காசைக் கொட்டாதீர்கள். கப்பல் துறையில் கட்டினால், சாலையைத் தாண்டியதும் 1555இல் கட்டிய கடல் வாசல். நேராக மலைக்குப் போய்விடுங்கள். சுமார் 1,350 படிகள், உச்சியில் சான் ஜியோவானி கோட்டை. நுழைவுக் கட்டணம் உண்டு. ஊர் மலையின் மேற்கு அடிவாரத்தில் இருப்பதால் காலையில் படிகள் நிழலில் கிடக்கும். சூரியன் மலைக்கு மேல் வந்துவிட்டால் அந்தச் சுண்ணாம்புக்கல் அனலடிக்கும். அதனால் முதல் ஆளாக இறங்குங்கள். வெனிஸ்காரர்கள் 1420 முதல் 1797 வரை ஆண்ட ஊர். மலை முதுகில் வளைந்து ஏறும் நாலரை கிலோமீட்டர் மதிலை மேலேயிருந்து பார்த்தால்தான் அவர்கள் எதற்கு இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்று புரியும்.

சந்துபொந்து:
பாண்டி அண்ணே, 68 வயது என்று எழுதியிருக்கிறாரே, படித்தீர்களா இல்லையா? ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு அந்தக் கல் வழவழவென்று ஆகியிருக்கிறது. ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. அதிலும் பெரிய கப்பல் என்றால் பல நேரம் வளைகுடாவிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் இறக்குவார்கள். அந்த வரிசையிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். திரும்பும்போதும் அதே கதை. அப்புறம் மலையேறி மூச்சு வாங்கினால், ஊரை எப்போது பார்ப்பது?

ஊருக்குள் இருப்பதைச் சொல்கிறேன். கடல் வாசலுக்கு மேலே 1944 நவம்பர் 21 என்று பொறித்திருக்கும், நாஜிகளிடமிருந்து ஊர் மீண்ட நாள். உள்ளே போனதும் 1602இன் மணிக்கூண்டு. அதன் காலடியில் கூம்பாக ஒரு கல். குற்றவாளியை அங்கே நிறுத்தி ஊரே பார்க்க மானத்தை வாங்குவார்கள். இன்றைக்கு அதில் சாய்ந்துகொண்டு எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்! புனித லூக்கா தேவாலயம் 1195இல் கட்டியது, ஒரு சின்ன அறை அளவுதான். அதற்குள் இரண்டு பலிபீடங்கள்: ஒன்று கத்தோலிக்கருக்கு, மற்றது ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு. மலையுச்சியில் இது தெரியுமா?

ரயில்ராணி:
இரண்டு பேரும் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஆறு மணி நேரத்தில் எதைப் பார்த்தாலும் அது கடைத்தெரு வேடிக்கைதான். ஒரே காலையில் ஆயிரக்கணக்கானவர்களை அந்தச் சின்ன மதிலுக்குள் இறக்கினால் ஊர்க்காரன் எங்கே போவான்? டுப்ரோவ்னிக் ஒரு நாளைக்கு இரண்டு கப்பல் என்று வரம்பு வைத்ததும், 2021இல் பெரிய கப்பல்கள் வெனிஸின் நடுவே போவதை இத்தாலி தடை செய்ததும் சும்மா இல்லை. டுப்ரோவ்னிக்கிலிருந்து பேருந்து ஏறி வந்து, இரண்டு ராத்திரி தங்குங்கள். சாயங்காலம் கப்பல்கள் போன பிறகுதான் அந்த ஊர் ஊராக இருக்கும்.

சந்துபொந்து:
ராணி அக்கா, சாயங்காலத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கப்பலே தீட்டு என்பது போலப் பேசினால் எப்படி? கோட்டோரே கப்பலால் வளர்ந்த ஊர். ஊரின் காவல் புனிதர் டிரிஃபோனின் எலும்புகளே 809இல் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து கப்பலில் வந்தவைதான். அவருக்காகத்தான் 1166இல் அந்தப் பேராலயம்.

ரயில்ராணி:
அந்தக் கப்பல்காரர்கள் ஊரில் சரக்கு வாங்கினார்கள், விற்றார்கள், தங்கினார்கள். இன்றைக்கு வருகிறவர் கப்பலில் பஃபே சாப்பிட்டுவிட்டு இறங்கி, ஒரு ஃபிரிட்ஜ் காந்தம் வாங்கிக்கொண்டு மதிய பஃபேக்குத் திரும்பிவிடுகிறார். இரண்டும் ஒன்றா?

படிக்கட்டுப்பாண்டி:
அதற்கு வழி, மதியச் சாப்பாட்டை ஊரிலேயே சாப்பிடுவது. வயதான அப்பாவை வைத்துக்கொண்டு பேருந்தில் எல்லைச் சோதனைச் சாவடி வரிசையில் காத்திருங்கள் என்று சொல்வது ஈஸி. செப்டம்பரில் அங்கே வண்டி எப்படி ஊரும் என்று போனவர்களைக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இதில் சண்டைக்கே இடமில்லை: விடியும்போது மேல்தளத்தில் நில்லுங்கள். வெரிகே ஜலசந்தியில் இரு கரையும் கிட்டத்தட்ட 340 மீட்டருக்கு நெருங்கிவிடும். அதைத் தாண்டியதும் பெராஸ்ட் என்ற சிற்றூரும் அதன் இரண்டு தீவுகளும். எல்லோரும் ஃபியர்டு, அதாவது பனியாறு குடைந்த கடல் நுழைவாய், என்பார்கள். உண்மையில் அது கடலில் மூழ்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கு. பேருந்தில் வருகிறவருக்கு இந்த வரவேற்பு கிடையாது, ராணி அக்கா மன்னிக்கணும்.

சந்துபொந்து:
அப்படியானால் அப்பாவுக்குப் பெராஸ்ட்தான் சரி. கோட்டோரிலிருந்து 12 கிலோமீட்டர், டாக்ஸி பிடியுங்கள். அங்கே படகில் ஐந்து நிமிடத்தில் பாறை மாதா தீவு. கல்லையும் பழைய கப்பல்களையும் மூழ்கடித்து மனிதர்களே எழுப்பிய தீவு. இன்றும் ஜூலை 22 அன்று படகுகளில் போய்க் கல் போடுகிறார்கள். உள்ளே மாலுமிகள் காணிக்கையாகக் கொடுத்த வெள்ளித் தகடுகள், ஊர் ஓவியர் டிரிபோ கொகோல்யா வரைந்த படங்கள். ஒரு பெண் 25 வருடம் தைத்ததாகச் சொல்லும் மாதா படமும் உண்டு. பட்டு நூலோடு தன் தலைமுடியையும் சேர்த்துத் தைத்திருக்கிறாள். கோட்டோர் மலை போல அங்கே படியேற்றம் இல்லை.

படிக்கட்டுப்பாண்டி:
பெராஸ்ட்டும் போய்க் கோட்டோரும் பார்த்தால் இரண்டுமே அரைகுறை. ராணி அக்காவின் வாதம் உங்கள் திட்டத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

ரயில்ராணி:
நன்றி பாண்டி. 😀 தெற்கத்திக்காரரே, எதைச் செய்தாலும் விசாவைப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், இருக்கிறது, மாண்டினீக்ரோ இல்லை. ஷெங்கன் விசா இருந்தால் மாண்டினீக்ரோவுக்குள் விடுவார்கள். ஆனால் கோட்டோருக்குப் பிறகு உங்கள் கப்பல் இன்னொரு குரோஷியத் துறைமுகத்துக்கோ இத்தாலிக்கோ போனால் மறுபடி ஷெங்கனுக்குள் நுழைகிறீர்கள். ஒற்றை நுழைவு விசா உதவாது. பணம் மாற்றும் கவலை இல்லை, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் அங்கே யூரோதான்.

தெற்கத்திக்காரன்:
விசா மல்டிபிள் என்ட்ரிதான். கப்பல் டூர் வேண்டாம் என்று முடிவு. பெராஸ்ட்டை மேல்தளத்திலிருந்தே பார்த்துக்கொள்கிறோம். முழுப் பொழுதும் கோட்டோருக்கு, சாப்பாடும் அங்கேதான். அப்பாவிடம் படிகளைப் பற்றிச் சொன்னேன். பாதி வழியில் 1518இல் கட்டிய மாதா கோயில் ஒன்று இருக்கிறதாமே, அதுவரை ஏறுவேன் என்கிறார்.

சந்துபொந்து:
அவர் ஏறிவிடுவார். இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், நல்ல பிடிப்புள்ள ஷூ போடச் சொல்லுங்கள்.

படிக்கட்டுப்பாண்டி:
பாதி வரை வந்த மனுஷன் மீதியையும் கேட்பார், பாருங்கள்.