மறு: 'தூக்க வாதம்' வேண்டாம், 'உறக்கப்பூட்டு' என்போம்

அன்புள்ள ஐயா,

விழிப்பு வந்தும் உடல் அசையாமல் கிடக்கும் நிலைக்கு (sleep paralysis) 'தூக்க வாதம்' என்பதைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன்.

என் மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை பார்க்கிறான். போன மாதம் ஒருநாள் காலையில் வந்து மல்லாந்து படுத்தவன், விழிப்பு வந்தும் கை கால் அசையாமல் கிடந்திருக்கிறான். நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் கனம். கதவோரம் ஓர் உருவம். கண்ணை மட்டும் உருட்ட முடிந்ததாம். என் அம்மா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி வந்தார். பிறகு கிளினிக்கில் கொடுத்த தாளில் 'வாதம்' என்ற சொல்லைப் பார்த்ததும் அழுதேவிட்டார். என் அப்பா பக்கவாதத்தில் படுத்து எழாமலே போனவர்.

எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா 'டிதிண்டே ஹந்து' என்றார். பேய் மேலே ஏறி அழுத்துகிறது என்று பொருள். சீனர்கள் பேய் கட்டிலை அழுத்துவதாகச் சொல்வார்கள். நமக்கு அமுக்குவான் பேய். மூன்று மொழியும் அழுத்தத்தைச் சரியாகவே பிடித்திருக்கின்றன. கனவில் ஓடுகிறவன் எழுந்து ஓடிவிடாதபடி, கனவுறக்கத்தில் மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. மூச்சை இயக்கும் உதரவிதானமும் கண்தசைகளும் அதற்கு விலக்கு. விலாத் தசைகள் தளர்ந்திருக்கும்போதே விழிப்பு வந்துவிட்டால், இழுத்து மூச்சுவிடப் பார்த்தும் முடிவதில்லை. அந்தக் கனம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தப் பூட்டு நம் எல்லோருக்கும் இரவுதோறும் விழுகிறது. சில வேளை திறக்கச் சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள் பிந்துகிறது. ஆகவே 'உறக்கப்பூட்டு'. 'உறக்க முடக்கம்' வாதத்தைவிட மேல்தான்; ஆனால் முடக்கம் என்றால் எப்போது தீரும் என்ற அச்சம் கூடவே வருகிறது.

பூட்டு என்பது கொச்சையாக இருக்கிறது என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். வாய்ப்பூட்டு நம்மிடம் நெடுநாளாகப் புழங்கும் சொல் அல்லவா? கண்டதை எளிதாகச் சொல்லும் பெயரே நிலைக்கும். உறக்க ஆய்வாளர்களான அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953இல் சிகாகோவிலிருந்து இந்தக் கனவுறக்கத்தைப் பற்றி எழுதியபோது, மூடிய இமைக்குள் கண் ஓடியதைத்தான் கவனித்திருந்தார்கள். அதற்கு விரைவிழியசைவு உறக்கம் (REM) என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது.

கதவோர உருவம் கனவின் மிச்சம். அதற்கு 'விளிம்புக்கனவு' என்று குறித்து வைத்திருக்கிறேன். தூக்கம் பிடிக்கும்போது தோன்றுவதையும் கலையும்போது தோன்றுவதையும் இந்த ஒரு சொல் தாங்குமா, தனித்தனியாக இரண்டு வேண்டுமா?

அன்புடன்,
பினாங்கிலிருந்து