மாதந்தோறும் மருந்து அடித்தும் கரப்பான் குறையவில்லை: பள்ளியில் வேறு என்ன செய்யலாம்?

கேட்டவர்: அலுவலக மேசை

வணக்கம். ஒரு தொடக்கப்பள்ளியின் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். வகுப்பறைகள், நூலகம், சமையலறை, பொருள் வைப்பறை எல்லாம் ஒரே கட்டடத்தில்தான். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு நிறுவனத்தார் வந்து சுவரோரம் முழுக்க மருந்து அடித்துவிட்டுப் போகிறார்கள். திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் நெடி மூக்கில் ஏறுகிறது.

மூன்றாம் வகுப்பில் ஆஸ்துமா உள்ள குழந்தை ஒன்று இருக்கிறது. மருந்து அடித்த வாரத்தில் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று அதன் தாயார் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொரு வகுப்பில் ஒரு பெற்றோர், பிள்ளையின் சாப்பாட்டுப் பையிலிருந்து கரப்பான் ஓடியது, நீங்கள் அடிக்கும் மருந்து போதவில்லை என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. நடுவில் நிற்பது நான்.

மருந்தை அடியோடு நிறுத்திவிட முடியுமா? நிறுத்தினால் அதற்குப் பதிலாக என்ன? பொருள் வைப்பறையில் எலிப் புழுக்கையும் கிடக்கிறது. அதற்கு விஷக் கட்டி வைக்கலாம் என்று பணியாளர் சொல்கிறார், நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

பதில்: சாவிக்கொத்து

அம்மா, நான் பள்ளிக் கட்டடங்களின் பராமரிப்பு மேற்பார்வையாளன். நாள்காட்டியைப் பார்த்து மருந்து அடிக்கும் வழக்கம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பூச்சி இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. தேதி வந்தது, அடித்தாயிற்று, கையெழுத்து வாங்கியாயிற்று. நெடி வந்தால் வேலை நடந்துவிட்டதாக எல்லோருக்கும் ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைப் பிறகு பார்ப்போம். உங்கள் பள்ளியில் இருப்பது எந்தக் கரப்பான்? இது தெரியாமல் ஒரு சொட்டு மருந்துகூட அடிக்கக் கூடாது.

கட்டைவிரல் நீளம், செம்பழுப்பு நிறம், விளக்கைப் போட்டால் வடிகாலை நோக்கி ஓடுகிறது என்றால் அது அமெரிக்கக் கரப்பான். அதற்குச் சாக்கடைதான் வீடு, உங்கள் கட்டடத்துக்கு விருந்தாளியாக வருகிறது. ஒன்றரை சென்டிமீட்டருக்குள், வெளிர்பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகளோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். இது வெளியிலிருந்து நடந்து வருவதில்லை. அட்டைப்பெட்டியிலும் பையிலும் உட்கார்ந்து வருகிறது, வந்த இடத்திலேயே குடித்தனம் நடத்துகிறது. ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டை. பொரிக்கும் தறுவாய் வரை தாய் அதை வாலில் சுமந்துகொண்டே திரியும். கூட்டுக்குள் இருக்கும் முட்டையை நீங்கள் சுவரில் அடிக்கும் மருந்து ஒன்றும் செய்யாது. தாயும் பெரும்பாலும் அந்தச் சுவருக்கு வருவதில்லை, இடுக்கிலேயே இருக்கும். வழக்கமாக அடிக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கி வாழ இந்த இனம் பல இடங்களில் பழகிவிட்டது. சாப்பாட்டுப் பையில் ஓடியது அநேகமாக இதுதான்.

எனவே முதலில் பசை அட்டை வாங்குங்கள். மருந்தில்லாத, கூடாரம்போல மடித்து வைக்கும் அட்டை. சமையலறைத் தொட்டிக்கு அடியில், குளிர்பெட்டிக்குப் பின்னால், பொருள் வைப்பறையின் மூலைகளில், பிள்ளைகள் பை வைக்கும் அலமாரியின் அடித்தட்டில் என்று சுவரை ஒட்டி வையுங்கள். அறையின் நடுவில் வைத்தால் ஒன்றும் விழாது, பூச்சிகள் சுவரோரமாகத்தான் நடக்கும். ஒவ்வோர் அட்டையிலும் எண்ணும் தேதியும் எழுதி, ஒரு வாரம் கழித்து எடுத்து எண்ணுங்கள். குஞ்சு எத்தனை, பெரியது எத்தனை என்று தனித்தனியாக. குஞ்சுகள் அதிகம் விழும் அட்டைக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் கூடு இருக்கும். (பல்லி ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்காதீர்கள். சமையல் எண்ணெயைத் தடவினால் பசை விட்டுவிடும்.)

அட்டை காட்டிய இடத்தில் டார்ச் விளக்கோடு முட்டி போட்டுப் பாருங்கள். குளிர்பெட்டிக் கதவின் ரப்பர் மடிப்பை விரலால் விரித்தால் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும், அது எச்சம். அலமாரிக் கீல், மேசைக் கால் சேரும் இடம், குழாய் சுவருக்குள் போகும் துளை, மின்பெட்டி மூடி ஆகிய இடங்களிலும் அதையே தேடுங்கள். கரப்பான் சோறில்லாமல் வாரக்கணக்கில் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது. ஆகவே தொட்டிக்கு அடியில் சொட்டும் குழாயைச் சரிசெய்வது மருந்தைவிடப் பெரிய அடி. பிறகு அட்டைப்பெட்டிகள். பொருள் வந்த அன்றே மூடியுள்ள டப்பாக்களுக்கு மாற்றிவிட்டுப் பெட்டியை வெளியேற்றுங்கள். அந்த நெளிவுத் தாளின் இடுக்குகள் ஜெர்மன் கரப்பானுக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும்.

கடைசியில்தான் மருந்து, அதுவும் ஜெல், அதாவது கரப்பான் தின்னும் இரையில் நஞ்சு கலந்த பசை. எச்சம் தெரிந்த இடுக்குக்குள் கடுகளவுப் பொட்டுகளாகப் பல இடத்தில் வைக்க வேண்டும். ஓரிடத்தில் உருண்டையாகப் பிதுக்கி வைத்தால் காய்ந்து வீணாகும். தின்றது கூட்டுக்குப் போய்ச் செத்தால், அதன் எச்சத்தையும் உடலையும் மற்றவை தின்று அவையும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் மருந்து அடிக்கவே கூடாது. அந்த வாடைக்குக் கரப்பான் ஜெல்லின் பக்கமே வராது.

எலிக்கு விஷக் கட்டி வேண்டாம் என்ற உங்கள் தயக்கம் சரியே. பள்ளிகளில் விஷம் வேண்டாம் என்பதற்குப் பிள்ளைகளின் கை ஒன்றே போதுமான காரணம். அதோடு, இரத்தம் உறையாமல் செய்யும் அந்த விஷம் வேலை செய்யச் சில நாட்கள் ஆகும். அதற்குள் எலி சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ போய்ச் சாகும். பிறகு நாற்றம், அதற்கு வரும் ஈ. புழுக்கை எந்த அளவு, அரிசி மணி அளவா, பெரியதா?

பதில்: அலுவலக மேசை

ஐயா, மிக்க நன்றி. புழுக்கை அரிசி அளவுதான், சிறியது. பசை அட்டைகளுக்குச் சொல்லிவிட்டேன். அதற்கிடையில் ஓர் ஆசிரியர், விடுமுறையில் கட்டடத்தை மூடிவிட்டுப் புகை மருந்து போட்டால் ஒரே தடவையில் எல்லாம் போய்விடும் என்கிறார். அது எப்படி?

பதில்: சாவிக்கொத்து

போகாது. டப்பாவைத் திறந்து வைத்தால் மருந்து மேலே எழும்பித் தரையிலும் மேசையிலும் படியும். கரப்பான் இருக்கும் இடுக்குக்குள் போவது சொற்பம். 2019-இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் குடியிருப்புகளில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். புகை டப்பா வைத்த வீடுகளில் ஜெர்மன் கரப்பான் குறையவில்லை, தரையிலும் மேடையிலும் மருந்துப் படிவுதான் கூடியது. ஜெல் வைத்த வீடுகளில் குறைந்தது. உங்கள் இடத்தில் அந்தப் படிவின்மேல் உட்காரப் போவது யார்? தரையில் புரண்டு, அதே கையை வாயில் வைக்கும் வயது. எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கும் உடம்பு.

அரிசி அளவென்றால் சுண்டெலி. பெருச்சாளி அல்ல, அந்த மட்டில் நிம்மதி. ஆனால் சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். பென்சில் நுழையும் துளை எதுவும் சுண்டெலிக்கு வாசல். பொருள் வைப்பறைக் கதவை மூடி, விளக்கை அணைத்து உள்ளே நின்று பாருங்கள். கதவடியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கே ரப்பர் பட்டை போட வேண்டும். குழாய்த் துளைகளில் துருப்பிடிக்காத கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். நுரைப்பசை மட்டும் அடித்தால் ஒரே இரவில் கொறித்துவிடும்.

அடைத்த பிறகு உள்ளே மாட்டிக்கொண்டவற்றுக்கு அடிக்கும் பொறி. பூட்டுள்ள பெட்டிக்குள், பொறியின் இரை வைக்கும் முனை சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். சுண்டெலி கூட்டிலிருந்து வெகுதூரம் போவதில்லை, பெரும்பாலும் 10 மீட்டருக்குள்தான். அதனால் பொறிகளை நெருக்கமாக வைக்க வேண்டும். எலிக்குப் பசை அட்டை வைக்காதீர்கள். காலையில் முதலில் வரும் பிள்ளை அதைப் பார்க்கும்.

பதில்: இடுக்கில் ஜெல்

நான் பூச்சி ஒழிப்புத் தொழிலில் இருப்பவன், எங்கள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். சாவிக்கொத்து ஐயா சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் 'மாதம் ஒருமுறை மருந்து அடித்தல்' என்று எழுதி, குறைந்த தொகை கேட்டவருக்குக் கொடுத்தால் வருகிறவர் என்ன செய்வார்? அடிப்பார். அரை மணி நேரத்தில் அடுத்த இடம். டார்ச் வைத்துத் தேட நேரமும் இல்லை, கூலியும் இல்லை. ஒப்பந்தத்தை மாற்றி எழுதுங்கள்: மாதம் ஒருமுறை ஆய்வு, அட்டை எண்ணிக்கை, எழுத்தில் அறிக்கை, தேவைப்பட்டால் மட்டும் மருந்து, அதுவும் பள்ளியின் ஒப்புதலோடு. அதற்கு ஒத்துக்கொள்ளாதவர் உங்களுக்கு வேண்டாம்.

ஜெல்லைப் பற்றி ஒன்று. வைத்தும் குறையவில்லை என்றால் ஜெல்லை மாற்றிப் பாருங்கள். குளுக்கோஸ் இனிப்பையே கசப்பாக உணரும் ஜெர்மன் கரப்பான் கூட்டங்கள் உண்டு. 2013-இல் அதன் நரம்பு வரை ஆராய்ந்து காட்டிவிட்டார்கள். இனிப்பு ஜெல்லைச் சுவைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும்.

எறும்பு வந்தாலும் மருந்து அடிக்கச் சொல்லாதீர்கள். பாரோ எறும்பு என்ற மஞ்சள்நிறப் பொடி எறும்பின்மேல் மருந்து அடித்தால் ஒரு புற்று பலவாகப் பிரிந்துவிடும். சோப்புத் தண்ணீரால் தடத்தைத் துடைத்துவிட்டு, போராக்ஸ் கலந்த இரை மருந்தைப் பிள்ளைகளுக்கு எட்டாத பெட்டியில் வைத்தால் வேலைக்கார எறும்புகளே அதைப் புற்றுக்குக் கொண்டு போகும்.

பதில்: அலுவலக மேசை

அட்டைகளை எடுத்துவிட்டோம். சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்தது நிறைந்துவிட்டது, பெரும்பாலும் குஞ்சுகள். கோடு போட்ட சிறிய இனமேதான். வகுப்பறை அட்டைகளில் ஒரு சிலந்தியும் சில எறும்பும் தவிர ஒன்றும் இல்லை. விதிவிலக்கு மூன்றாம் வகுப்பின் பை அலமாரி, அங்கே இரண்டு. நூலகத்துக்குப் பக்கத்துக் கழிப்பறையில் பெரிய செம்பழுப்புக் கரப்பான் ஒன்று. அந்தக் கழிப்பறையை யாரும் பயன்படுத்துவதில்லை.

இத்தனை காலமாக எல்லா வகுப்பறையிலும் எதற்காக அடித்தோம் என்று தலைமையாசிரியரே கேட்டார். இனி அவசரமாக எப்போதாவது அடிக்க நேர்ந்தால் பெற்றோருக்கு எப்படிச் சொல்வது?

பதில்: சாவிக்கொத்து

பை அலமாரியில் இரண்டு என்றால் அங்கே கூடு இருக்க வாய்ப்புக் குறைவு. யாருடைய பையிலாவது வந்திருக்கும். அது யாருடைய பை என்று வகுப்பில் விசாரிக்கக் கூடாது. அலமாரியைத் துடைத்து, பின்பலகை இடுக்கை அடைத்து, புது அட்டை வைத்தால் போதும். சாப்பாட்டுப் பைகளை மட்டும் மூடியுள்ள பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் போர்க்களம் சமையலறைத் தொட்டிதான். குழாய்ச் சொட்டு, துளை, ஜெல், இந்த வரிசையில். ஜெல் வைப்பதற்கு முன் அங்கே படிந்திருக்கும் பழைய மருந்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். செத்தவற்றையும் எச்சத்தையும் நுண்வடிகட்டி உள்ள தூசு உறிஞ்சியால் எடுத்து, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் ஆஸ்துமாவைத் தூண்டும். பூச்சியை அப்படியே விட்டுவிடுவதும் அந்தக் குழந்தைக்கு நல்லதல்ல என்பதை அதன் தாயாரிடம் சொல்லுங்கள். அவர் பயப்படுவது மருந்துக்கு, நாம் குறைக்க வேண்டியது இரண்டையும்.

பயன்படுத்தாத கழிப்பறையில் நடந்தது இதுதான். தரை வடிகாலுக்குக் கீழே குழாயின் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடைக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள கதவு. யாரும் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் அது வற்றி, சாக்கடைக் கரப்பான் நேரே ஏறி வரும். வாரம் ஒரு வாளித் தண்ணீர், மேலே நுண்துளைச் சல்லடை மூடி. மருந்து வேண்டாம். ஆய்வகத் தொட்டி இருந்தால் அதற்கும் இதேதான்.

பெற்றோருக்குச் சொல்வதற்குக் கலிபோர்னியாவின் 2000-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்திலிருந்து ஒரு நடைமுறையை எடுத்துக்கொள்ளலாம். மருந்து அடிக்க 24 மணி நேரத்துக்கு முன்பே அந்த இடத்தில் அறிவிப்பு ஒட்டி, அடித்த பிறகு 72 மணி நேரம் வரை அதை எடுக்காமல் வைக்க வேண்டும். மருந்தின் பெயர், எந்த இடம், எந்தப் பூச்சிக்கு என்று அதில் எழுதுங்கள். 'எந்தப் பூச்சிக்கு' என்ற இடத்தில் எழுத ஒன்றும் இல்லை என்றால் அன்று மருந்தும் இல்லை.

பதில்: நான்காம் வகுப்பு ஆசிரியை

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். வகுப்பில் பல பிள்ளைகளுக்குத் தலையில் பேன். பாய்க்கும் நாற்காலிக்கும் மருந்து அடிக்கச் சொல்லலாமா?

பதில்: சாவிக்கொத்து

வேண்டாம் டீச்சர். பேன் தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துவிடும், நாற்காலியில் அதற்கு வாழ்க்கை இல்லை. பேன் சீப்பைப் பற்றி வீடுகளுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் வேண்டாம்.