ஜோ காக்கருக்கு இவ்வளவு புகழ் தகுமா?

ரெக்கார்டு பிளேயர்:
2025-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் (ராக் இசைக்கான அமெரிக்கப் புகழ் மண்டபம்) பிரிட்டிஷ் பாடகர் ஜோ காக்கரைச் சேர்த்தாலும் சேர்த்தார்கள், ஆளாளுக்கு ஆகா ஓகோ. பேர் வாங்கிய பாட்டெல்லாம் பெரும்பாலும் அடுத்தவர் எழுதியது. கரகரத்த குரல் இருந்தது, சரி. மற்றபடி?

திஸ்ரநடை:
'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள் சார். பீட்டில்ஸ் 1967-ல் பாடியது மூன்று நிமிடம்கூட இல்லை, நாலு நாலாகத் துள்ளும். 1968-ல் காக்கர் பாடியது ஐந்து நிமிடத்துக்கு மேல், ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று எண்ணிக்கை. பெண்குரல்கள் கேள்வி கேட்க, இவர் தொண்டை கிழியப் பதில் சொல்கிறார்.

ஏழரைக்கட்டை:
காக்கரின் அந்தப் பதிவில் கிட்டார் ஜிம்மி பேஜ், டிரம்ஸ் பி.ஜே. வில்சன், ஆர்கன் டாமி அயர். இந்தக் கூட்டணி இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்? 1970 'மேட் டாக்ஸ்' சுற்றுப்பயணத்திலும் குழுவைக் கட்டி மேய்த்தவர் லியான் ரஸ்ஸல்.

திஸ்ரநடை:
'வித் எ லிட்டில் ஹெல்ப்' பாட்டைக் காக்கர் பாணியில் மேடையில் வாசிக்கும் குழுக்கள் ஏன் சறுக்குகின்றன? வேகத்தை மட்டும் குறைக்கிறார்கள். நாலையே மெதுவாக வாசித்தால் பாட்டு படுத்துவிடும். பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, பன்னிரண்டு எண்ண வேண்டும்; 1, 4, 7, 10-ல் தட்டு, ஸ்னேர் டிரம் 4-லும் 10-லும். பாடகர் தட்டுக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். முதல் சரணத்திலேயே கத்தித் தீர்த்தால், பின்பாதியில் வரும் அந்த அலறலுக்குத் தொண்டையில் ஒன்றும் மிஞ்சாது.

ரெக்கார்டு பிளேயர்:
1968 சரி. 'யூ கேன் லீவ் யுவர் ஹேட் ஆன்'? ராண்டி நியூமன் 1972-ல் பாடியதில் பேசுகிறவன் ஓர் அசட்டு வக்கிரன், கேட்கும்போதே நெளிவோம். 1986-ல் காக்கர் பிராஸை (டிரம்பெட் வகை ஊதுகருவிகளை) அடுக்கிக் கொண்டாட்டமாக்கிவிட்டார். பாட்டின் விஷமே போச்சு. அடுத்த வருடம் 'அன்செயின் மை ஹார்ட்': 1961-ல் ரே சார்ல்ஸ் பாடியதன் மேல் எண்பதுகளின் பெயிண்ட்.

திஸ்ரநடை:
'ஹேட்' பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் 'யூ ஆர் ஸோ பியூட்டிஃபுல்'? 1974-ல் பில்லி பிரஸ்டன் பாடியதில் வேகம் அதிகம், சர்ச் வாடை. அதே வருடம் காக்கர் பியானோவோடு இழுத்து நிறுத்திப் பாடினார். கடைசிச் சொல்லில் மேலே ஏறும்போது குரல் உடைகிறது. அதை அப்படியே வெளியிட்டார்கள்.

ஏழரைக்கட்டை:
அமெரிக்காவில் 5-ம் இடம் வரை போன பாட்டு. எழுதியதற்கான ராயல்டி பிரஸ்டனுக்கும் புரூஸ் ஃபிஷருக்கும். அங்கே எஃப்.எம்.மில் எத்தனை முறை ஒலித்தாலும் பாடியவருக்குச் சட்டப்படி பைசா கிடையாது. ரெக்கார்டு விற்பனைப் பங்கும் கச்சேரியும்தான் வழி.

ரெக்கார்டு பிளேயர்:
காசுக் கணக்கு இருக்கட்டும். 1987 பாட்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே!