இரவில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டித்தான் ஆக வேண்டுமா?

தூக்கணாங்குருவி:
படுத்த படுக்கையானவரை வீட்டுக்கு அனுப்பும்போது எல்லா இடத்திலும் சொல்லி அனுப்புவது ஒன்றுதான்: "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் போடுங்க, இல்லன்னா புண்ணு வந்துரும்." மருத்துவமனையில் அதற்கு ஷிப்ட் முறையில் ஆள் உண்டு. வீட்டில் பெரும்பாலும் ஒரே ஆள். ராத்திரி மூன்று தரம் எழுந்து, டயப்பர் பார்த்து, புரட்டி, தலையணை வைத்து, மறுபடி கண் அசர அரை மணி நேரம். உறக்கத்தின் ஒரு சுற்றே சுமார் ஒன்றரை மணி நேரம். அது முடிந்தும் முடியாமலும் அடுத்த அலாரம் அடித்துவிடும். இப்படியே ஒரு மாதம் ஓடினால், காலை மாத்திரையை இரண்டு தரம் கொடுப்பது, கட்டில் ஓரத்தில் நழுவ விடுவது எல்லாம் நடக்கும்.

என் கட்சி இதுதான்: மெத்தை நல்லதாக இருந்து, தோலும் நன்றாக இருந்தால் ராத்திரியில் நான்கு மணி நேரம் விடலாம். அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் 2, 3, 4 மணி நேரம் என்று பிரித்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. புண் வந்ததில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

பழைய செவிலி:
ஆய்வைப் பாதி மட்டும் சொன்னால் எப்படி சார்? அதில் எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான நுரை மெத்தையில். பார்த்தது மூன்று வாரம். ஆரம்பத்தில் யாருக்கும் புண் இல்லை. வீட்டிலோ அமுங்கிப்போன மெத்தை, மேலே ரப்பர் ஷீட், அதற்கும் மேலே நாலாக மடித்த போர்வை. சதை வற்றி வால் எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் உடம்பை அதில் நாலு மணி நேரம் அசையாமல் விட்டால், எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவில் ரத்த ஓட்டம் நின்றுபோகும். பல நேரம் முதலில் கெடுவது எலும்பை ஒட்டிய சதைதான். மேலே காசளவு கருப்பு தெரிகிறபோது உள்ளே குழி விழுந்திருக்கும். அதற்கப்புறம் மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங். ஆற்ற வேண்டியதும் அதே ஒற்றை ஆள்தான்.

தூக்கணாங்குருவி:
நல்ல மெத்தை என்று நிபந்தனை போட்டுத்தானே சொன்னேன்? பம்பில் காற்றடித்து ஓடும் மெத்தை, அதாவது ஏர் பெட், இருக்கிற வீடுகளும் உண்டு.

பழைய செவிலி:
இருக்கிறது. ஆனால் பம்ப் சத்தம் கேட்டாலே வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவில், இடுப்புக்கு நேராக, உள்ளங்கை மேலே பார்த்தபடி கையை விட்டுப் பாருங்கள். உடம்பின் கனம் கையில் இடித்தால் காற்று போதாது. ஓர் அங்குலமாவது இடைவெளி வேண்டும். அதற்காக பம்பில் காற்றைக் கூட்டும் திருகை முழுக்கத் திருப்பிவிட்டால் பலகை மாதிரி ஆகிவிடும், எடைக்குத் தகுந்த அளவில்தான் வைக்க வேண்டும். மேலே ஒரே ஒரு தளர்வான துணி போதும். மின்சாரம் போனால் காற்று இறங்கிவிடும், அப்போது பழையபடி இரண்டு மணி நேரக் கணக்குதான். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை, தண்ணீர் நிரப்பிய கையுறை இரண்டும் வேண்டவே வேண்டாம். சுற்றியுள்ள சதையை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் தப்பு.

கரிசல்:
இரண்டு பேரும் மணிக்கணக்கிலேயே நிற்கிறீர்கள். எப்படிப் புரட்டுகிறார்கள் என்பதையும் பாருங்கள். முழுக்க ஒருக்களித்துப் போட்டால் மொத்த பாரமும் இடுப்பு எலும்பில் இறங்கும், இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. முப்பது டிகிரி சாய்வுதான் சரி. முதுகுக்குப் பின்னால் நீளவாக்கில் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. வால் எலும்புக்கு அடியில் கையை விட்டால் தடையில்லாமல் போய்வர வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை, குதிகால் அந்தரத்தில். ஏர் பெட் போட்டாலும் குதிகாலுக்கு இது தேவை.

ராத்திரிக்கு ஒரு வழி: நடுச்சாமத்தில் முழுக்கப் புரட்டாமல், முதுகுத் தலையணையைப் பாதி வெளியே இழுத்து விடுங்கள். பாரம் கொஞ்சம் இடம் மாறும். ஒரு நிமிட வேலை, பெரியவருக்கும் விழிப்பு வராது. முறையாகப் புரட்டுவதற்கு இது ஈடு இல்லை, இடைவெளியைக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

பழைய செவிலி:
அப்படி இழுக்கும்போது உடம்பையும் சேர்த்து இழுத்துவிடுவார்கள், அதுதான் பயம். தோல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் போனால் அங்கேயே கிழிசல். தோளிலிருந்து தொடை வரை வருகிற மாதிரி குறுக்கே ஒரு துணி விரித்து, துணியோடு நகர்த்த வேண்டும்.

தூக்கணாங்குருவி:
சரி, நானும் இறங்கி வருகிறேன். எடுத்த எடுப்பில் நாலு மணி நேரம் வேண்டாம். முதல் மூன்று நாள் ராத்திரி இரண்டரை மணி நேரம். புரட்டியதும் பாரம் இருந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. சிவப்பு வெளுக்காமல் நின்றாலோ, அரை மணி கழித்தும் போகாமல் இருந்தாலோ நேரத்தைக் குறைக்க வேண்டும். கருத்த மேனியில் சிவப்பு தெரியாது. அங்கே சூடு, கட்டித்தன்மை, பக்கத்துத் தோலைவிட நிறமாற்றம் இவற்றைப் பார்க்க வேண்டும். இப்படி எதுவும் இல்லையென்றால் மூன்று மணி நேரம், பிறகு மூன்றரை. ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் கெடும், அதனால் நீர் பிரியும் மாத்திரை சாயங்காலம் இருந்தால் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ராத்திரி டயப்பர் வேலை குறையும்.

பழைய செவிலி:
இதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பழைய புண் தழும்பு உள்ளவர், சாப்பாடு இறங்காதவர், உணர்ச்சியே இல்லாதவர், இவர்களுக்கு நேரத்தை நீட்டாதீர்கள். அங்கே தூக்கம் வேண்டுமென்றால் ஆளை மாற்றுங்கள். ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஒருவர், அங்கிருந்து ஏழு வரை இன்னொருவர். தூங்குகிறவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. அதே அறையில் படுத்தால் ஒவ்வொரு முனகலுக்கும் முழிப்பு வரும்.

தூக்கணாங்குருவி:
இரண்டாவது ஆள் இல்லாத வீட்டைப் பற்றித்தானே அக்கா இந்தப் பேச்சே! வாரத்தில் இரண்டு ராத்திரியாவது உறவில் யாரையாவது பெயர், கிழமை குறித்துக் கேட்கச் சொல்லுங்கள். "எப்ப வேணா கூப்பிடு" என்பவர்கள் கூப்பிட்டால் வருவதில்லை.

கரிசல்:
வருகிறவருக்கு முதல் ராத்திரியே கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் காட்டிவிடுங்கள். குனிந்து தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டால் மறுவாரம் வரமாட்டார்.

பழைய செவிலி:
காலையில் முதல் புரட்டலை விளக்கைப் போட்டுக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். சாக்ஸைக் கழற்றிக் குதிகாலையும், ஆக்சிஜன் குழாய் போட்டிருந்தால் காது மடலின் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பைப் பார்த்தவர்கள்கூட அந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.