நான்காவது ஜெபக் குறிப்பு

உப்புக்காற்று:

கடலூர் முதுநகர்ப் பக்கம் வளர்ந்தவன். தாத்தா காலத்திலிருந்து சி.எஸ்.ஐ. குடும்பம். நான் பள்ளியில் படிக்கும்போது அம்மா மட்டும் வேறொரு சபைக்கு மாறினார், என்னையும் கூட்டிக்கொண்டு. 20 வயதில் நான் தன்பாலீர்ப்பாளன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாஸ்டரிடம் சொன்னார். பாஸ்டர் மைக்கில் சொன்னார்.

பெயரைச் சொல்லவில்லை. "நம் நடுவில் ஒரு வாலிபத் தம்பி, அசுத்த ஆவியின் பிடியில்" என்றார். பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சபையில் வாலிபத் தம்பிகள் மொத்தமே ஆறு பேர்தான்.

மூன்று நாள் உபவாசம். தலையில் எண்ணெய் ஊற்றி, கை வைத்து அழுத்தி ஜெபித்தார்கள். ஒலிவ எண்ணெய் என்றார்கள். வாசனை தேங்காய் எண்ணெய்தான். ஆவி போகவில்லை, தலையணை உறைதான் போனது. அப்புறம் வாராவாரம் ஜெபக் குறிப்பில் நான் வந்தேன்: தேசத்தில் எழுப்புதல், மழை, ஒரு அக்காவுக்குக் கர்ப்பத்தின் கனி, நான்காவதாக நான். அந்த அக்காவுக்குக் குழந்தை பிறந்தது. மழையும் பெய்தது. என்னை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க முடியவில்லை. 22 வயதில் நானே எழுந்து வந்துவிட்டேன்.

2018 செப்டம்பரில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு பற்றி, மனமொத்த பெரியவர்களுக்கு இனி அது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2021 ஜூனில், ஆளை 'மாற்றுகிறோம்' என்னும் சிகிச்சைகளைத் தடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். இரண்டு செய்தியையும் கத்தரித்து வைத்திருக்கிறேன். எண்ணெய்க் குப்பி வரைக்கும் அது எட்டியதா என்பது வேறு விஷயம்.

இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாடி வீட்டில் இருக்கிறேன், என்னவரோடு. கீழ் வீட்டு டீச்சரம்மா ஆர்.சி. ஓய்வு பெற்றவர். ஒருநாள் "இன்னைக்கு நம்ம வீட்ல அன்பியம், வாப்பா" என்றார். அன்பியம் என்றால் ஆர்.சி. பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடும் செபக் கூட்டம். பின்னால் தெரிந்து பிரச்சினை ஆகக் கூடாதே என்று முதலிலேயே விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்ப்பா. ரெண்டு பேர் துணியும் ஒரே கொடியிலதானே காயுது" என்றார்.

அங்கே 'ஜெபம்' என்று சொல்வதில்லை, 'செபம்'. எனக்கு வாய் தடுமாறியது. பதினைந்து பேர், பாதிப் பேருக்கு முழங்கால் வலி, பிளாஸ்டிக் நாற்காலி. நற்செய்தி வாசித்த பிறகு ஒவ்வொருவராக மன்றாட்டு சொன்னார்கள். என் முறை வந்தது. இத்தனை வருடமும் மற்றவர்கள் வாயில் நான் குறிப்பாக இருந்தவன். நானே கேட்க என்ன இருக்கிறதென்று ஒன்றும் தோன்றவில்லை. "என்கூட இருக்கிறவர் குரூப் 4 பரீட்சை எழுதுறார்" என்றேன். ஒருவர் மட்டும் இருமினார். டீச்சரம்மா அந்த இருமலுக்கு மேலேயே "ஆண்டவரை மன்றாடுவோம்" என்றார். எல்லோரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

மாடிப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், சரி, அதை விடுங்கள்.

ரோமாபுரி மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் வத்திக்கானிலிருந்து வந்த ஆவணம்கூட, எங்களைப் போன்ற ஜோடிகளுக்குக் குருவானவர் ஆசீர் கொடுக்கலாம், ஆனால் அது திருமணம் போலத் தெரியக் கூடாது என்றுதான் சொல்கிறது. நான் இன்னும் பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குவதில்லை. அன்பியத்துக்கு மட்டும் போகிறேன்.

கெடிலக்கரை:

தம்பி, உங்களுக்குக் கிடைத்ததில் சந்தோஷம். நான் பிறவி ஆர்.சி., தலித். புதுச்சேரி சம்பா கோவில் என்னும் மாதா தேவாலயத்துக்குள்ளேயே எங்களைப் பிரிக்கச் சுவர் இருந்தது என்றும், 1745-இல் அது இடிக்கப்பட்டது என்றும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் இருக்கிறது. எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டம் இன்றைக்கும் இரண்டு. எங்கள் தெரு அன்பியத்துக்கு மற்றத் தெருவிலிருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் டீச்சரம்மா மாதிரி ஒருவர் எங்கள் பங்கில் இருந்தால் பலகாரத்தோடு போய்ப் பார்ப்பேன்.

மூன்றாம் வரிசை:

நான் திருநங்கை. ஒரு சபையில் மூன்று வாரம் மகளே மகளே என்று சோறு போட்டார்கள். நான்காவது வாரம், "முடியை வெட்டிக்கிறியாம்மா?" என்றார் பாஸ்டர் மனைவி. சோறு நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் கேட்கிறேன் அண்ணா: அந்த இருமின ஆள் என்ன ஆனார்?

உப்புக்காற்று:

இரண்டு கூட்டத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கு வந்து, எனக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். காபி குடிக்கும்போது, "உங்க ஃப்ரெண்டுக்கு ரேங்க் எவ்வளவு தம்பி?" என்றார். அவர் மகளும் அதே பரீட்சை எழுதியிருந்தாராம். ஃப்ரெண்டு என்றுதான் சொன்னார். நானும் திருத்தவில்லை. ரேங்கைச் சொன்னேன்.