அணியம், கடையார், காத்துமுகம்: வள்ளம் ஓட்டப் பழகுறவைக்கு எந்தச் சொல்லைச் சொல்லிக் குடுக்கிறது?

அளம்பில்கரை:

வணக்கம். வள்ளம் ஓட்டப் பழகுற பெடியளுக்கு ஒரு அடிப்படைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறன். எல்லாம் 18 அடி, 23 அடி பைபர் வள்ளங்கள், 15 தொடக்கம் 25 குதிரைவலு வரைக்கும் மண்ணெண்ணெய் எஞ்சின். ஆங்கிலக் கைநூல் ஒண்டைத் தமிழாக்கின தாள் கையிலை இருக்கு. அதிலை போர்ட், ஸ்டார்போர்ட், பார், மேல்காற்று, கீழ்காற்று, வெளியிணைப்பு இயந்திரம் எண்டெல்லாம் கிடக்கு. கரையிலை பெரியாக்கள் கதைக்கிற சொல் வேறை. எதை வைச்சிருக்கிறது, எதை மாத்திறது?

இடம் வலம், காத்தும் நீரோட்டமும், ஜிபிஎஸ்சிலை வாற பாகை கணக்கு, இந்த மூண்டிலையும்தான் குழப்பம் கூட. நாயாறு, கொக்கிளாய்த் தொடுவாய் (நீரேரி கடலோடை சேருற வாய்) தாண்டுறதைப் பற்றியும் ஒரு பகுதி வேணும். தெரிஞ்ச அண்ணைமார் சொல்லுங்கோ.

நாச்சிக்குடா ஓட்டி:

அணியம் (முன்முனை), கடையார் (பின்முனை) ரெண்டையும் தொடாதைங்கோ. முன்பக்கம், பின்பக்கம் எண்டு மாத்தினால் சொல்லுறவன் எந்தப் பக்கம் பாத்து நிக்கிறானோ அதுதான் முன்பக்கம் எண்டு போயிடும். அணியம் வள்ளத்தோடை ஒட்டின சொல். ஆர் எங்கை திரும்பி நிண்டாலும் அது மாறாது.

இடம் வலத்துக்கு அந்தக் காவல் இல்லை. கடையாரிலை எஞ்சின் பிடிக்கிறவன் அணியத்தைப் பாத்து இருப்பான். அணியத்திலை வலை இழுக்கிறவன் பாதி நேரம் எஞ்சின்காரனைப் பாத்து நிப்பான். அவன் "வலத்தாலை எடு" எண்டு கத்தினால் ஆற்றை வலம்? போர்ட், ஸ்டார்போர்ட் எண்ட சொல்லு தேவைப்படுறதே இதுக்குத்தான். கடையாரிலை நிண்டு அணியத்தைப் பாக்கேக்கை இடக்கைப் பக்கம் போர்ட், வலக்கைப் பக்கம் ஸ்டார்போர்ட். வீ.எச்.எப். றேடியோவிலை கப்பல்காரனோடை கதைக்க அது வேணும், அதனாலை குறிப்பிலை இருக்கட்டும். வள்ளத்துக்குள்ளை கதைக்க அதைவிட நல்ல வழி: உள்விளிம்பிலை இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, ஒரு முழ நீளத்துக்குப் பெயின்ற் அடிச்சுவிடுங்கோ. "சிவப்பாலை எடு" எண்டால் முதுகு காட்டி நிக்கிறவனுக்கும் விளங்கும். ராவிலை போடுற பக்க விளக்கின்ரை நிறமும் அதேதான்.

அடுத்தது எஞ்சினைத் திருப்புற கைபிடி. கைபிடியை வலத்துக்குத் தள்ளினால் அணியம் இடத்துக்குத் திரும்பும். அப்ப "வலம்" எண்ட கட்டளை கைபிடிக்கா, அணியத்துக்கா? எப்பவும் அணியத்துக்கு எண்டு குறிப்பின்ரை முதல் பக்கத்திலையே எழுதுங்கோ. ஆங்கிலேயக் கப்பல்களும் இதிலை கனகாலம் மாறுபட்டுத்தான் ஓடினவை. 1912இலை டைட்டானிக்கிலை பனிமலையைக் கண்டு குடுத்த கட்டளை ஸ்டார்போர்ட், கப்பல் திரும்பினது போர்ட் பக்கம். பழைய முறையிலை கட்டளை சுக்கான் கைபிடிக்கு உரியது.

இது பெயர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. வள்ளம் திரும்பேக்கை அணியம் ஒரு பக்கம் போக, கடையார் மற்றப் பக்கத்துக்கு வீசும். ஆள் வலப்பக்கத்தாலை விழுந்தால் அணியத்தை உடனை வலத்துக்குத் திருப்பவேணும், அதாவது கைபிடியை இடத்துக்குத் தள்ளவேணும். அப்பதான் காத்தாடி (எஞ்சின்ரை சுத்துற விசிறி) ஆளைவிட்டு விலகும். பழகாதவன் ஆளைவிட்டு விலகிறதா நினைச்சு இடத்துக்குத் திருப்புவான், சுத்துற காத்தாடி நேரை ஆளுக்கு மேலை வீசும். விழுந்த பக்கத்துக்கே அணியம், உடனை நியூற்றல். இதைக் கரையிலை எஞ்சினை நிப்பாட்டி வைச்சு, கைபிடியைப் பிடிச்சு இருபது தரம் செய்து பழக்குங்கோ.

விடத்தல்தீவு வத்தை:

தாளிலை இருந்து முதல்லை "பார்" எண்டதை வெட்டுங்கோ தம்பி. ஆங்கிலத்திலை அது தொடுவாயிலை அலை குவிக்கிற மணல்மேடு. எங்களுக்குப் பார் எண்டால் கடலுக்கடியிலை கிடக்கிற கல்லு, மீன் நிக்கிற இடம். மன்னாரிலை முத்துக் குளிச்ச இடங்களும் முத்துப்பார்தான். "பார் தாண்டேக்கை கவனம்" எண்டதை வாசிக்கிற பெடியன் நங்கூரம் கல்லிலை கொளுவும் எண்டு யோசிப்பானே தவிர, வள்ளம் கவிழும் எண்டு யோசிக்கமாட்டான். மணல்மேடு எண்டே எழுதுங்கோ.

"மேல்காற்று"ம் அப்பிடித்தான். மேல் எண்டால் மேற்கு. காத்து வாற பக்கத்துக்குக் காத்துமுகம், மற்றதுக்கு ஒதுக்கு எண்டு எழுதினால் எவருக்கும் விளங்கும்.

காத்துக்குப் பெயர் அது வாற திசையாலை: வாடை வடக்கு, சோழகம் தெற்கும் தென்மேற்கும், கச்சான் மேற்கு, கொண்டல் கிழக்கு. கடல் வரைபடத்திலை நீரோட்டத்துக்குப் பெயர் அது போற திசையாலை. "வடக்குக் காத்து" தெற்கு நோக்கி அடிக்கும், "வடக்கு நீரோட்டம்" வடக்கு நோக்கி ஓடும். ஒவ்வொரு இடத்திலையும் "இருந்து", "நோக்கி" எண்டு போட்டு எழுதுங்கோ, சோம்பல் வேண்டாம்.

இனி வன்னிக்கெண்டு ஒரு விசயம், இதுக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குங்கோ. ஒரே காத்து ரெண்டு கரைக்கும் ரெண்டு வேலை செய்யும். மே தொடக்கம் செப்டம்பர் வரை சோழகமும் கச்சானும் அடிக்கேக்கை மேற்குக் கரையிலை நாச்சிக்குடா, விடத்தல்தீவு, இரணைதீவுப் பக்கம் அது கடலிலை இருந்து கரைக்கு வரும். பாக்குநீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அதனாலை அலை கிட்டக் கிட்ட, செங்குத்தா எழும்பும். பயம் கண்ணுக்குத் தெரியும். கிழக்குக் கரையிலை முல்லைத்தீவு, அளம்பில், செம்மலைப் பக்கம் அதே காத்து தரையிலை இருந்து கடலுக்குப் போகும். கரையடியிலை தண்ணி தட்டுப்போலை கிடக்கும். வெளியிலை போகப்போகத்தான் அலை கட்டும், அப்ப கரை தூரம். அந்த இடத்திலை எஞ்சின் நிண்டால் கொண்டுபோறது வங்காள விரிகுடாவுக்கு. மேற்கிலை எஞ்சின் நிண்டால் எப்பிடியும் ஒரு கரையிலை ஒதுங்கலாம், கிழக்கிலை அந்த மாதங்களிலை அது நடக்காது. அதனாலை உங்கடை பக்கத்துப் பெடியளுக்கு "கடல் அமைதி" எண்டதைவிடக் "காத்து எங்கை போகுது" எண்டதைத்தான் முதல்லை பாக்கப் பழக்கவேணும்.

எஞ்சின் நிண்டால் கழட்டிப் பாக்கிறதுக்கு முன்னமே நங்கூரம் போடுங்கோ. கயிறு எட்டாத ஆழமெண்டால் வாளியையோ பாய்த்துணியையோ அணியத்திலை கட்டிப் பத்துப் பாகம் (18 மீற்றர் மட்டிலை) கயிறு விடுங்கோ. இழுபடுற வேகம் குறையும், அணியமும் அலையைப் பாத்து நிக்கும். வாடைக்காலத்திலை எல்லாம் மறுவளம், கிழக்குக் கரைதான் அடி வாங்கும்.

வளிமண்டலவியல் திணைக்கள அறிவித்தலிலை காத்து மணிக்கு இத்தனை கிலோமீற்றர் எண்டு வரும். 40 எண்டால் ஏறத்தாழ 22 நொட் (மணிக்கு 22 கடல்மைல்), 60 எண்டால் 32. "இடையிடையே 60" எண்டு இருந்தால் அந்தக் கடைசி எண்ணைப் பாத்துத்தான் போறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது.

கலைவிகலை:

ஜிபிஎஸ் பற்றி. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. வடக்குத் தெற்காக ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல்மைல், அது 1852 மீற்றர். முல்லைத்தீவு வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 9 பாகை 16 கலை, பருத்தித்துறை 9 பாகை 49 கலை. ஆக பருத்தித்துறை 33 கடல்மைல் வடக்கே. வரைபடத்தில் தூரம் எடுக்கும்போது பக்கவாட்டு ஓரத்திலுள்ள அளவையே எடுக்கவேண்டும், மேல் கீழ் ஓரத்து அளவு உதவாது. ஒரு மணிக்கு ஒரு கடல்மைல் ஓடினால் ஒரு நொட். "மணிக்கு ஐந்து நொட்" என்று எழுதுவது பிழை, மணி என்பது நொட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அடிக்கடி நடக்கும் பிழை இது. வலை விட்ட இடம் 9 பாகை 16.50 கலை என்று திரையில் நிற்கிறது. அதைத் தொலைபேசியில் "ஒன்பது, பதினாறு, ஐம்பது" என்று சொல்கிறார்கள். கேட்டவரின் கருவி விகலையில் இருக்கிறது, அவர் 16 கலை 50 விகலை என்று போடுகிறார். 16.50 கலை என்றால் 16 கலை 30 விகலைதான். 20 விகலை வித்தியாசம், 600 மீற்றருக்கு மேல். இருட்டில் மிதப்பைத் தேட அது பெரிய தூரம். இன்னொருவரின் கைத்தொலைபேசி வெறும் பாகைத் தசமத்தில் இருந்து அவர் 9.1650 என்று போட்டால் அது 9 பாகை 9.9 கலை, ஆறரைக் கடல்மைல் தெற்கே போய்விடும். இந்திய-இலங்கைக் கடல் எல்லைக்கோட்டுக்குக் கிட்டத் தொழில் செய்பவர்களுக்கு இது வலை தேடுவதோடு முடிகிற காரியமல்ல. எல்லாக் கருவியையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள், பாகையும் தசமக் கலையும் நல்லது. சொல்லும்போது "ஒன்பது பாகை, பதினாறு தசம் ஐந்து பூச்சியம் கலை" என்று முழுதாகச் சொல்லப் பழக்குங்கள்.

இன்னொன்று. ஆழம் சொல்லும் பாகமும் கோணம் சொல்லும் பாகையும் எஞ்சின் சத்தத்தில் ஒன்றாகவே கேட்கும். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீற்றர். "ஆழம் ஒன்பது பாகம்", "வடக்கு ஒன்பது பாகை" என்று முன்சொல் சேர்த்துச் சொன்னால் மாறுபடாது.

அளம்பில்கரை:

நன்றி. "பார்" விசயம் எனக்கு ஓடவேயில்லை. இப்பவே வெட்டிட்டன். தொடுவாயும் நங்கூரமும் மிச்சம். பாய் ஓட்டின காலத்துச் சொல்லுகளையும் ஒரு பக்கத்திலை போடலாமோ? இன்னொண்டு, 7 மீற்றருக்குக் குறைஞ்ச வள்ளத்துக்கு ராவிலை ஒரு வெள்ளை விளக்கு போதும் எண்டு தாளிலை கிடக்கு. சரியோ?

தொடுவாய்:

தொடுவாய் மாரிக்கு வெட்டும், கோடைக்கு மண் மூடும், வெட்டுற இடமும் மாறும். போன வருசத்து ஓடையை ஜிபிஎஸ்சிலை வைச்சு ஓடக்கூடாது.

உள்ளை வாறதெண்டால் அலை உடையத் தொடங்கிற இடத்துக்கு வெளியிலை நிண்டு பத்து நிமிசம் பாருங்கோ. அலை உடையாமல், தண்ணி கறுப்பாக் கிடக்கிற இடம்தான் ஆழமான ஓடை. பெரிய அலையள் கூட்டமா வரும், அந்தக் கூட்டம் முடியவிட்டு, கடைசி அலையின்ரை முதுகிலை ஏறி அதின்ரை வேகத்திலையே வாங்கோ. முந்தினால் அணியம் பள்ளத்திலை குத்தும், கடையார் எழும்பி வள்ளம் குறுக்காத் திரும்பும், அடுத்த அலை பிரட்டிப்போடும். பிந்தினால் பின்னாலை வாற அலை கடையாருக்கு மேலாலை ஏறும். எஞ்சின் பூட்டுறதுக்காகப் பதிச்சு வெட்டின பலகை அங்கைதான் இருக்கு. பாரமெல்லாம் நடுவுக்குப் பின்னாலை, வலை கட்டியிருக்கவேணும், மிதப்பங்கி போட்டிருக்கவேணும்.

மண்ணெண்ணெயிலை மெதுவா ஓடினால் பிளக்கிலை கரி பிடிச்சு எஞ்சின் நிண்டுபோகும். அதனாலை தொடுவாய்க்கு முன்னமே பெற்றோலுக்கு மாத்தி, குழாயிலை கிடக்கிறது எரிஞ்சு முடியிற வரை ஓடவிட்டுத்தான் உள்ளை எடுக்கிறது. மாத்தின உடனை உள்ளிட்டால் அலைக்கு நடுவிலைதான் எஞ்சின் இழுபடும்.

நேரம்: மழைக்குப் பிறகு நீரேரித் தண்ணி வெளியிலை பாயேக்கை, அல்லது வத்து (கடல் இறங்குற நீரோட்டம்) ஓடேக்கை, எதிர்த்து வாற அலை கிட்டக் கிட்ட வந்து செங்குத்தா நிக்கும். பெருக்கு (கடல் ஏறுறது) தொடங்கும் வரை வெளியிலை காத்திருங்கோ.

நங்கூரம்: ஆழத்தோடை தண்ணியிலை இருந்து அணியம் வரை உள்ள உயரத்தையும் கூட்டி, அஞ்சு மடங்கு கயிறு. 3 பாகத் தண்ணி, அணிய உயரம் அரைப் பாகம் எண்டால் பதினேழரைப் பாகம். காத்து கூடவெண்டால் ஏழு மடங்கு, 25 பாகம். கயிறு குறைஞ்சால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுக் கழண்டுவிடும். முனையிலை 2 மீற்றர் சங்கிலி போட்டால் தண்டு படுத்துக் கிடக்கும். நாலு கொழுக்கி நங்கூரம் கல்லுக்கு நல்லது, மணலிலை உழுதுகொண்டு வரும், மணலுக்கு அகலத் தகடு வைச்சது வேணும். கடையாரிலை மட்டும் ஒருக்காலும் கட்டாதைங்கோ.

விடத்தல்தீவு வத்தை:

பாய்ச் சொல்லு போடுங்கோ, கட்டாயம். பாய் தூக்கிற கயிறு ஆஞ்சான். பாயைக் கட்டிற குறுக்குமரம் பருமல். பாயின்ரை கீழ்மூலையிலை பின்னுக்கு இழுக்கிற கயிறு தாமான், முன்னுக்குப் பிடிக்கிறது கோசு. அடிக்கட்டை ஏரா. குடாவுக்குள்ளை தாங்கி வள்ளம் தள்ளுற தடி மரக்கோல். பைபர் வள்ளத்திலையும் எஞ்சின் நிண்டால் மரக்கோலிலை படங்கு ஏத்தலாம். அப்ப தாமானை மட்டும் முடிச்சுப் போட்டுக் கட்டக்கூடாது, கையிலை பிடிச்சிருக்கவேணும். காத்து திடீரெண்டு கூடினால் தாமானை விட்டால் பாய் காத்தைக் கொட்டிவிடும், கட்டியிருந்தால் வள்ளம் கவிழும்.

கலைவிகலை:

விளக்குப் பற்றிய தாள் பாதிதான் சொல்கிறது. 1972 கடல் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி ஒற்றை வெள்ளை விளக்குச் சலுகைக்கு இரண்டு நிபந்தனை: நீளம் 7 மீற்றருக்குக் குறைவு, உச்ச வேகம் 7 நொட்டுக்கு மேற்படாதது. 7 நொட் மணிக்கு 13 கிலோமீற்றர்தான். 15 குதிரைவலு பூட்டிய வெறும் வள்ளம் அதைத் தாண்டும். 23 அடி வள்ளம் 7.01 மீற்றர், நீளத்திலேயே அது வெளியே போய்விடுகிறது. ஆகவே எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை ஒன்று, அதோடு இடம் சிவப்பு, வலம் பச்சை.

வெள்ளை விளக்கு பக்க விளக்கைவிட ஒரு மீற்றராவது உயரத்தில் இருக்கவேண்டும். கடையாரில் ஒரு குழாய் நட்டுப் பூட்டினால் ஓட்டுபவரின் கண்ணில் குத்தாது. பூட்டியபின் இருட்டில் ஒருவரை அணியத்துக்கு நேரே முன்னால் நிறுத்திப் பாருங்கள், சிவப்பும் பச்சையும் இரண்டும் தெரியவேண்டும். அவர் வள்ளத்தின் பச்சைப் பக்கமாக இரண்டடி நகர்ந்தும் சிவப்பு நன்றாகத் தெரிந்தால் நடுவில் மறைப்புப் பலகை போதாது. எதிரே வருபவர் உங்கள் வள்ளம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் அறிவார். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலத்துக்கு. குறுக்கே வருபவரின் சிவப்பு உங்களுக்குத் தெரிந்தால் வழிவிட வேண்டியவர் நீங்கள்.